மெட்ராஸுக்குப் புறப்பட்ட சேலை

குடும்பத்தோடு வெளியூர் பார்க்கக் கிளம்பும்போது உங்கள் வீட்டில் காவலுக்கு யார் தங்குகிறார்? மாடு இருக்கிறது, கோழி இருக்கிறது, வீட்டை அப்படியே பூட்டிப் போட்டுவிட்டுப் போக முடியாது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளைத்தானே விட்டுவிட்டுப் போகிறீர்கள்? அந்த ஆளுக்கும் போக ஆசை இருக்குமா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

நாச்சியாபுரத்தில் வீரையா வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அப்படித் தங்குகிறவள் பெயர் பொன்னழகு. வீரையாவின் மகள். தேவகோட்டைப் பக்கம் ஒரு நல்ல சம்சாரிக் குடும்பத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் புருஷனை வரப்பில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இருக்க, மந்திரிக்கிறவனிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேப்பிலை அடித்து முடிப்பதற்குள் அவன் செத்துப்போனான். மந்திரித்தவனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வந்தவள் ராசி என்று பொன்னழகைத்தான் சொன்னார்கள். இருபது வயதில் வெள்ளைச் சேலையோடு தகப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாசலுக்கு வருமுன் கதவை ஒருக்களித்துத் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்களா, சந்தைக்கு மாடு பிடித்துப் போகிறார்களா, புதுத் துணி உடுத்தி வருகிறார்களா என்று பார்த்து, அவர்கள் கடந்து போன பிறகுதான் படி இறங்குவாள். அவசரமாகத் தண்ணீருக்குப் போகும்போது எதிரே யாராவது வந்துவிட்டால் வைக்கோல் போரின் மறைவுக்குப் போய்விடுவாள். யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லை. அடிக்கவும் இல்லை. மூன்று வேளையும் சோறு போட்டார்கள். நம் ஊர்களில் கொடுமை பெரும்பாலும் இப்படித்தான், குரலை உயர்த்தாமல் நடக்கிறது.

ஒரு தடவை அதே தெரு மாயக்கண்ணன் திருப்பத்தூர்ச் சந்தைக்குக் கன்றுக்குட்டி பிடித்துக்கொண்டு போனார். கொழுக்கட்டைக்கு மாவு இடிக்கப் போன பொன்னழகு முச்சந்தியில் எதிர்ப்பட்டுவிட்டாள். மனுஷன் கன்றோடு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அப்படியும் கன்று விலை போகவில்லை. ஊர் முழுக்க ஒரு மாதம் அந்தப் பேச்சுத்தான்.

இந்த நிலையில்தான் அவள் அண்ணன் குருநாதன் மெட்ராஸ் போய்விட்டு வந்தார். திருப்பத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். காரைக்குடி வட்டாரத்தில் எங்கே சீர்திருத்தக் கல்யாணம் நடந்தாலும் அவருடைய வாழ்த்துரை இருக்கும். பெண்ணடிமை தீர வேண்டும் என்று அவர் பேச ஆரம்பித்தால் பந்தலில் கைதட்டு அடங்க நேரமாகும். அறுபத்தெட்டு ஜனவரியில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தவர், வாரக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரையில் வைத்த சிலைகள், விளக்கு அலங்காரம், பதினாலு மாடி எல்.ஐ.சி. கட்டடம், மின்சார ரயில்.

எல்லாரும் சிலையையும் மாடியையும் பற்றிக் கேட்டார்கள். பொன்னழகு மட்டும் வேறொன்று கேட்டாள்.

"அண்ணே, அம்புட்டுக் கூட்டத்துல எதுக்க எதுக்க எப்படி நடக்குறாக?"

"எப்படி நடப்பாக? மவுண்ட் ரோட்டுல நீ ஒரு பக்கம் போனா ஆயிரம் பேரு எதுக்க வருவான். யாரு மூஞ்சிய யாரு பாக்குறா? அவனவன் வேலை அவனவனுக்கு."

"யாருமே பாக்க மாட்டாகளா?"

"பாக்க நேரம் ஏது?"

அன்றைக்கு அவள் மனசில் விழுந்தது அது. ஆயிரம் பேர் எதிரே வருகிற ஒரு தெரு. அவளைப் பார்த்து ஒருவன்கூடத் திரும்பிப் போகாத ஒரு தெரு. அந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு தடவை நடந்துவிட வேண்டும். அவளுக்குச் சிலையும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெட்ராஸ் போகலாம் என்று குருநாதன் சொன்ன நாளிலிருந்து, அந்தப் பயணத் திட்டத்தை முழுக்கப் போட்டவள் பொன்னழகுதான். மெட்ராஸில் மகள் வீடு இருக்கிற கோட்டையூர் ஆச்சி ஒருவர் பால் வாங்க ஆள் அனுப்புவார்; அந்த ஆளிடம் கேட்டாள். லாரி கிளீனராகப் போய்விட்டு வந்தவனிடம் கேட்டாள். அண்ணன் மகள் உமையாளின் பூகோளப் புத்தகத்தைப் பார்த்தாள். கேட்டதில் பாதி தப்பு. கலங்கரை விளக்கம் கடலுக்கு நடுவில் இருக்கிறது என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பயணம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது.

"மொத நாளு செத்த காலேசு, அதான் மியூசியம். கல்லு சாமி, திமிங்கில எலும்பு எல்லாம் அங்கதான். மறுநாளு உயிர்க் காலேசு. அது சென்ட்ரல் டேசனுக்குப் பக்கத்துலயே இருக்காம். புலி, குரங்கு, ஒட்டைச்சிவிங்கி. சாயங்காலம் பீச்சு. வெயிலு தாழ மவுண்ட் ரோடு" என்று அவள் சொல்லச் சொல்ல, அண்ணன் மனைவி சின்னத்தாயி சோற்றுக் கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏன் பொன்னழகு, மொதல்லயே பீச்சுக்குப் போனா என்ன?"

"மொதல்ல கடலப் பாத்துட்டா பிள்ளைக வேற எதையும் பாக்க வருமாக்கும் மதினி? மணல்லயே கெடந்து உருளும்."

"உங்க அண்ணனும் அப்படித்தான்" என்றாள் சின்னத்தாயி.

ரயிலில் செவ்வாய்க்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது. காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து வந்த குருநாதன், "எல்லாருக்கும் வாங்கியாச்சு" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். பொன்னழகு அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் வீரையா பஞ்சாங்கத்தை எடுத்தார். அறுபது தாண்டிய மனுஷன். பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார்.

"செவ்வாயும் புதனும் வடக்க சூலம். மெட்ராஸு வடக்க. பிள்ளை குட்டியோட எப்படிப் போறது?"

"ரயிலு தெனம் வடக்கதான் போகுதுப்பா. செவ்வாக்கெழமையும் போகுது. கவுந்தா போச்சு?" என்றார் குருநாதன்.

"ஒன் பேச்செல்லாம் பந்தல்ல வச்சுக்க."

மேற்கொண்டு குருநாதன் பேசவில்லை. வீட்டுக்குள் அவர் எப்போதும் மேற்கொண்டு பேசியதில்லை. அப்பா சொன்ன பரிகாரம் பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு போய், போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் வெறுங்கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சூலம் ஏமாந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. வைத்த மூட்டை பயணம் போகாமல் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினால் ஆகாது.

ஒரு மூட்டையைப் பார்த்து ஏமாந்துபோகிற சூலத்துக்கு எதற்காகப் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. வாத்தியார் கேட்டிருக்கலாம். அவருக்குத் தெரியும்.

திங்கள்கிழமை காலையில் பொன்னழகு மூட்டை கட்டினாள். எப்போதும் அவள்தான் கட்டுவாள். அப்பாவின் வேட்டி, பிள்ளைகளின் சட்டை, மதினியின் பச்சைச் சேலை, அண்ணனின் துண்டு. கடைசியில் துவைத்து மடித்த தன் வெள்ளைச் சேலை ஒன்றையும் வைத்து முடிச்சுப் போட்டாள். தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு சின்னத்தாயி அதை எடுத்துப் போய், தெருவின் வடகோடியில் இருக்கும் மாயக்கண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்க்கக் கூடாது என்று பொன்னழகு அந்த நேரம் மாட்டுக் கொட்டிலில் இருந்தாள். அது வழக்கம் என்பதால் அவள் அதை ஒன்றும் நினைக்கவில்லை.

மத்தியானம் சின்னத்தாயி சொன்னாள்: "பருத்திக்கொட்டை அரை மூட்டை கெடக்கு. நாங்க வார வரைக்கும் மாட்டுக்குப் பத்தும்."

"மலையம்மாட்டச் சொல்லிட்டேன் மதினி. பாலு பீச்சி, தண்ணி காட்டிருவா." மலையம்மாள் என்பவள் மாயக்கண்ணன் மனைவி.

"அவ எதுக்கு? நீதான் இருக்கியே."

பொன்னழகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க இருக்கேன்? நானும்தான வாரேன்."

 சின்னத்தாயியும் இதை நினைத்துப் பார்க்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யாரும் 'பொன்னழகு வேண்டாம்' என்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்யவே தேவைப்படாத ஆளாக அவள் இருந்தாள்.

சாயங்காலம், மூட்டையில் சேலை வைத்தது உட்பட, விஷயம் வீரையாவுக்குப் போயிற்று. மகள் வருவதைப் பற்றி அவர் இரண்டாவதாகத்தான் பேசினார். முதலில் கேட்டது வேறு.

"மூட்டைக்குள்ள வெள்ளைச் சேலையா? பரஸ்தானத்துலயா?"

"எல்லாருக்கும் டிக்கெட் வாங்குனதா அண்ணன் சொன்னாக. அதான் வச்சேன்" என்றாள் பொன்னழகு.

வீரையா தலையில் கை வைத்துக்கொண்டார். மூட்டையைத் திரும்ப எடுத்து வர முடியாது. பரஸ்தானம் கெட்டுப்போகும். அங்கேயே அவிழ்த்துச் சேலையை எடுக்கலாமா என்றால், கட்டிய மூட்டையை இடையில் அவிழ்ப்பதும் ஆகாது. நெடுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"வச்சது வச்சதா இருக்கட்டும். சேலை மெட்ராஸுக்குப் போயிட்டு வரட்டும். நீ வீட்டப் பாத்துக்கிட்டு இரு ஆத்தா."

படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சேலை போகலாம், சேலைக்கு உள்ளே இருக்கிறவள் போகக் கூடாது. இதில் ஒரு கோணலும் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

பொன்னழகு அண்ணனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. போன வாரம் கானாடுகாத்தான் கல்யாணத்துல கைம்பொண்ணுகளப் பத்திப் பேசினீகளாமே. மதினி சொன்னாக."

குருநாதன் கால்விரலால் தரையைத் தேய்த்தார். "அது வேறத்தா. பொதுவுல சொல்றது. வீட்டுக்குள்ள அப்பா மனசக் கஷ்டப்படுத்தக் கூடாதுல்ல. அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த வருசம் நான் நல்ல சகுனமாயிருவேனா?"

அவர் எழுந்து திண்ணைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை. காரைக்குடி பஸ் மத்தியானத்துக்கு மேல். சூலத்துக்குப் பரிகாரமாக எல்லாரும் பால் குடித்தார்கள். அந்தப் பாலைக் கறந்தவள் கை யாருக்கும் தோஷமாகத் தெரியவில்லை. கிளம்பும் நேரத்தில் சின்னத்தாயி மெதுவாக வந்து சொன்னாள்: "நாங்க தெரு தாண்டுற வரைக்கும் குதிருக்குப் பின்னால நின்னுக்க பொன்னழகு. மாமா சொல்லச் சொன்னாக."

பொன்னழகு சரி என்று தலையசைத்தாள். குதிர் வரைக்கும் போனாள். அந்த இருட்டு மூலையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். தம்பி முறைக்காரர்கள் பெண் பார்க்கப் போனபோது, உமையாளுக்குக் காது குத்தக் கிளம்பியபோது, அப்பா நிலம் பதியப் போனபோது. ஒவ்வொரு தடவையும் நெல் வாசனையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்கு நிற்க முடியவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, சந்து வழியாக மாயக்கண்ணன் வீட்டுக்குப் போனாள்.

மலையம்மாள் பதறிப்போனாள். "ஏத்தா, பரஸ்தான மூட்டையத் தொடுறியே."

"என் சேலைய எடுத்துக்கிறேன் மலையம்மா. அவுக மூட்டை அவுகளுக்கு. மாட்ட மட்டும் நீ பாத்துக்க. ஏற்கனவே சொன்னதுதான்."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாயக்கண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "மூட்டையையும் கெடுத்துட்டியா? அன்னைக்கு நீ எதுக்க வந்துதான் என் கன்னுக்குட்டி விலை போகாமக் கெடந்துச்சு."

"ஒங்க கன்னுக்குச் சொறிண்ணே. சந்தைக்கே தெரியும். ஒங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

மலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் கட்டிலில் மறுபடி படுத்துவிட்டார். பொன்னழகு சேலையை ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவை ஒருக்களித்துப் பார்க்கவில்லை. நேராகப் படி இறங்கினாள்.

தெருவில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வீரையா, அடுத்து குருநாதன், பின்னால் பிள்ளைகளைப் பிடித்தபடி சின்னத்தாயி. மூட்டையை எடுக்க வடக்கே வருகிறவர்களுக்கு நேர் எதிரே, வெள்ளைச் சேலை கட்டிய மகள்.

வீரையா நின்றுவிட்டார். "எதுக்கவே வந்துட்டாளே. திரும்புங்க. வீட்டுல போயி உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும்."

பெரிய சாலையில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அதை விட்டால் ரயில் இல்லை. குருநாதன் அப்பாவைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். மேடையில் ஒரு வினாடி தடுமாறாத அந்த நாக்கு அன்று அசையவில்லை.

அசைந்தவள் சின்னத்தாயி. அவள் பந்தலில் பேசினவள் இல்லை. பேப்பர்கூடப் படித்ததில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

"மாமா, நீங்க போயி உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வாங்க. நாங்க போயி பஸ்ஸ நிறுத்துறோம்" என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள். பொன்னழகைத் தாண்டும்போது, "பைய இங்குட்டுக் குடு, நீ சின்னவனத் தூக்கிக்க" என்றாள். உமையாள் ஓடி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலையம்மாள் மூட்டையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

பஸ் அதிக நேரம் நிற்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வாத்தியாரே, வாரீகளா இல்லையா?" என்று கத்தினார். குருநாதன் கடைசியாக ஓடி வந்து ஏறினார். வீரையா வரவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சகுனம் பார்த்தவர் வீட்டோடு இருந்தார். சகுனம் மெட்ராஸுக்குப் போயிற்று.

ரயிலில் அவருடைய இடத்தில் பொன்னழகு உட்கார்ந்து வந்தாள். மெட்ராஸில் அவள் போட்ட ஒழுங்கின்படியே எல்லாம் நடந்தது. பிள்ளைகள் திமிங்கில எலும்பைவிட ஐஸ் வண்டியைத்தான் அதிகம் பார்த்தன. கலங்கரை விளக்கம் கடலில் இல்லாமல் ஹைகோர்ட் கோபுரத்தின் மேல் இருந்ததைக் கண்டு பொன்னழகு ஏமாந்துபோனாள். வெயில் தாழ்ந்து மவுண்ட் ரோட்டுக்கு வந்ததும், "நான் முன்னால நடக்குறேன், நீங்க பின்னால வாங்க" என்றாள்.

நடந்தாள். எதிரே ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், சைக்கிள் தள்ளுகிறவர்கள், புதுப் பட்டுச்சேலையோடு ஒரு கல்யாணக் கூட்டம். அவளுக்குப் பழக்கம் விடவில்லை. பட்டுச்சேலையைக் கண்டதும் ஒதுங்கக் கால் இழுத்தது. ஒதுங்கவில்லை. குடை பிடித்த ஒருவன் வேகமாக வந்து அவள் தோளில் இடித்துவிட்டு, "பார்த்துப் போம்மா, கண்ணு இல்லே?" என்று திட்டிக்கொண்டே போனான்.

பொன்னழகு நின்று அவன் முதுகையே பார்த்தாள். பிறகு சின்னத்தாயியைப் பார்த்துச் சிரித்தாள்.

"திட்டிட்டுப் போறான் மதினி. திரும்பிப் போகல."

ஊருக்கு வந்த பிறகு வீரையா கொஞ்ச காலம் மகளோடு பேசவில்லை. கொட்டிலில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதை மட்டும் விடாமல் தானே செய்தார். ஊர் மாறிவிடவில்லை. எழுபதுகளிலும் அந்தத் தெருவில் அவளைக் கண்டு திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். அவள்தான் வைக்கோல் போருக்குப் பின்னால் போகவில்லை. "போயி தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் இங்குட்டுத்தான் நிப்பேன்" என்பாள். தினமும் அவளைக் கடந்து போக வேண்டியவர்கள் எத்தனை தடவைதான் தண்ணீர் குடிப்பார்கள்? சிலர் நிறுத்திவிட்டார்கள்.

குருநாதன் இன்னும் மேடைகளில் பேசுகிறார். விதவைத் தங்கையைத் துணிந்து மெட்ராஸ் அழைத்துப் போன கதையும் அந்தப் பேச்சில் வரும். கைதட்டும் வரும். சின்னத்தாயியின் பெயர் அதில் வராது.

வீரையாவின் மேல்கூட எனக்குக் கோபம் குறைவு. அவர் நம்பியதைச் செய்தார். தெரிந்தும் தரையைத் தேய்த்தவர்கள்தான் நம்மில் அதிகம். சூலம் பொய் என்று தெரியும், சகுனம் பொய் என்று தெரியும், பக்கத்தில் நிற்கிறவளுக்கு நடப்பது அநியாயம் என்றும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் 'இவளும் வரட்டும்' என்று ஒரு வாக்கியம் சொல்ல வாய் வராது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால், அடுத்த கூட்டத்தில் பேச வேண்டாம். கட்டுரையும் எழுத வேண்டாம். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் ஒதுங்கி நிற்கும் அந்த ஒருத்திக்காக, உங்கள் அப்பாவின் முகத்துக்கு நேரே, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்.